கிணற்றுக்குள்ளிருந்து ஒரு ‘ஓம்’

அறுபதுகளின் நடுப்பகுதியில் ஓர் ஆவணி மாதம். கிளிநொச்சிக்குக் கிழக்கே தர்மபுரத்தில், ஒரு மிளகாய்த் தோட்டத்துக் கிணற்றடியில் நடந்தது இது. நான் அப்போது மருத்துவமாதுப் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருந்தேன். வயது இருபத்திரண்டு. எனக்குத் துடுக்கும் அதிகம், வாயும் அதிகம் என்பது எங்கள் வீட்டாரின் தீர்ப்பு. இரண்டும் இல்லாவிட்டால் அந்த நாளில் ஒரு பெண் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைப்பேறு பார்த்திருக்க முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த வருடம் வழக்கமான பாடங்களோடு புதிதாக ஒரு வகுப்பும் எங்களுக்கு வைத்தார்கள். சுற்றாடல் சுகாதாரமும், மனிதர் வேலை செய்யும் இடத்துச் சுகாதாரமும் பற்றிய வகுப்பு அது. சுகாதாரப் பரிசோதகர்களாக வரப்போகும் இளைஞர்கள், மலேரியாவுக்காக வீடு வீடாக மருந்தடிப்பவர்கள், மருத்துவமாதுகளாகிய நாங்கள் மூன்று பெண்கள் என்று எல்லாரையும் ஒரே கொட்டிலில் இருத்திப் பாடம் நடந்தது. மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வெட்ட வேண்டும், மருந்தடிக்கிறவர் காற்றுக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் பாடம். “பிள்ளைப்பேறு பாக்கிற ஆக்களுக்குக் கக்கூசுக் குழியிலை என்ன அலுவல்?” என்று ஓர் இளைஞர் எங்களைக் கிண்டினார். “பிறக்கிற பிள்ளையும் ஒருநாள் கக்கூசுக்குப் போகுமெல்லோ?” என்றேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் பக்கம் அதிகம் திரும்புவதில்லை.

எங்களுக்குப் படிப்பித்தவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு பரிசோதகர். நல்ல மனிதர், கண்டிப்பானவர். போகிற இடமெல்லாம் ஓர் அரிக்கன் லாம்பைச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு போவார். பாழுங்கிணற்றைத் துப்புரவாக்க இறங்குவதற்கு முன்னால் அந்த லாம்பைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்க வேண்டும், அது அணைந்தால் மனிதர் இறங்கக் கூடாது என்பது அவருடைய முதற் பாடம். “லாம்பு பொய் சொல்லாது” என்று ஒவ்வொரு நாளும் சொல்வார். நாங்கள் மறைவில் அவருக்கு ‘லாம்பு மாஸ்டர்’ என்று பெயர் வைத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஒருநாள் செய்முறைப் பாடத்துக்காக எங்களைத் தர்மபுரத்துக்குக் கூட்டிப் போனார். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து, காடு வெட்டிக் குடியேறிய ஒருவருடைய தோட்டம் அது. கலகலப்பான மனிதர், முப்பது வயதிருக்கும். மிளகாய்க் கன்றுகள் பூத்துக் காய்க்கத் தொடங்கியிருந்தன. அந்த மிளகாய்தான் அவர்களுக்கு அந்த வருடத்துச் சீவியம். ஆனால் ஊரில் இருந்ததுபோல இங்கே தண்ணீர் மேலே நிற்காது. கோடையில் கிணறு ஆழத்துக்குப் போய்விடும். மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசினை மேலே வைத்தால் அது அவ்வளவு ஆழத்துத் தண்ணீரை உறிஞ்சாது. அதனால் கிணற்றுக்குள் பனங்குற்றிகளைக் குறுக்கே போட்டுப் பலகை அடித்து, மெசினை அந்தப் பரணில் இறக்கி வைத்திருந்தார். அயலிலும் சிலர் அப்படிச் செய்திருந்தார்கள். தண்ணீர் மனிதரிடம் வராவிட்டால் மனிதர் தண்ணீரிடம் போகத்தானே வேண்டும்.

மாஸ்டர் முறைப்படி லாம்பைக் கொளுத்தி உள்ளே விட்டார். சுடர் அசையாமல் எரிந்தது. எங்களுக்குத் தண்ணீர் பாய்வதைக் காட்ட வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு ஆசை. ஏணியில் இறங்கிப் போய், கயிறு சுற்றி இழுத்து மெசினை ஓடவிட்டார். குழாயால் தண்ணீர் கொட்ட, இளைஞர்கள் வாய்க்காலைச் சுற்றி நின்று முகம் கழுவத் தொடங்கினார்கள்.

எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை. வீட்டுக்காரரின் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. அவவைப் பார்க்கும்படி மாஸ்டர் என்னை வீட்டுப் பக்கம் அனுப்பியிருந்தார். அவா குசினியில் வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தா. கையைப் பிடித்து நாடி பார்த்தேன், கால் வீக்கம் பார்த்தேன், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னா. ஆனால் கண் மட்டும் வாசலைத் தாண்டிக் கிணற்றடியிலேயே இருந்தது.

“என்ன, அவரைப் பாக்காமல் இருக்கேலாதோ?” என்று பகிடி விட்டேன்.

அவா சிரிக்கவில்லை. “உந்த மெசினைக் கிணத்துக்கை இறக்கின நாள் தொட்டு அவருக்குத் தலையிடி, மிஸ்ஸி. மேலை வந்து சாப்பிட்டதையும் சத்தி எடுக்கிறார். வெயில் சூடெண்டு சொல்லுறார். கிணத்துக்கை எங்காலை வெயில்?”

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வந்தது. முன்னைய கிழமை ஏணியில் ஏறி வரும்போது அவருக்குக் கைகால் சோர்ந்து, பாதியில் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாராம். அதற்குப் பிறகு அவா அவரைச் சும்மா இறங்க விடுவதில்லை. இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும். அவா மேலே பூவரச நிழலில் வெங்காயம் உரித்தபடி இருந்து இடைக்கிடை கூப்பிடுவா. அவர் கீழேயிருந்து, இருக்கிறேன் என்பதற்கு ‘ஓம்’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்துவா, பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் ஓடி வருவார்கள். இதுதான் அவர்கள் இருவருக்கும் இடையில் இருந்த ஒப்பந்தம்.

“என்னெண்டு கூப்பிடுறனீங்கள்?”

“வேறை என்னெண்டு கூப்பிடுறது? இஞ்சாருங்கோ எண்டுதான்.” அப்போதுதான் முகத்தில் கொஞ்சம் வெட்கம் வந்தது. புருஷனின் பெயரைச் சொல்லாத பெண்களுக்கு ஊர் முழுவதும் அந்த ஒரு சொல்தான்.

“அப்ப இண்டைக்கும் கயிறு கட்டினவரோ?”

“எங்கை! ஐயாமார் வந்து நிக்கினம், மாடு மாதிரிக் கயித்தோடை நிக்கிறதோ எண்டு கழட்டி எறிஞ்சிட்டார். அங்கை கிடக்கு பாருங்கோ.” குசினி மூலையில் கயிறு சுருண்டு கிடந்தது. “நானும் அத்தினை ஆம்பிளையளுக்கு முன்னாலை போய் நிண்டு என்னெண்டு இஞ்சாருங்கோ எண்டு கத்துறது?”

நான் அந்தக் கயிற்றையும் வாசலுக்கு அப்பால் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தேன். அவருக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மெசின் இறங்கிய நாளில் தலையிடியும் வந்தது என்றால், இரண்டுக்கும் உறவு இல்லாமலா இருக்கும்? அவா தந்த தேத்தண்ணீரை வைத்துவிட்டு நேரே மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன்.

நான் சொன்னதை அவர் தட்டிக்கழிக்கவில்லை. முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போதே லாம்பை இன்னொரு முறை கிணற்றுக்குள் இறக்கினார். பரணுக்குப் பக்கத்தில் அது தொங்கியது. “பாருங்கோ பிள்ளை, திரி ஆடக்கூட இல்லை. உள்ளை நல்ல காத்து இருக்கு. தலையிடி வேறை ஏதும் காரணமா இருக்கும், மேலை வந்தாப்போலை சோதிச்சுப் பாப்பம்.” நானும் எட்டிப் பார்த்தேன். சுடர் அழகாகத்தான் எரிந்தது. கண்ணால் கண்டதற்கு மேல் என்ன வாதாடுவது? வீட்டுக்காரர் கீழே குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. குசினிக்குத் திரும்பிப் போய், “நீங்கள் வந்து கூப்பிடுங்கோ. ஆர் என்ன நினைச்சால் உங்களுக்கென்ன?” என்று அவவின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். இந்த இடத்தில் என் வாய்த் துடுக்குக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

அவா சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மூடியபடி கிணற்றுக்கட்டில் கை வைத்து, “இஞ்சாருங்கோ” என்றா. எனக்கே கேட்கவில்லை. மெசின் சத்தம் அப்படி. வாய்க்காலில் நின்ற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவா இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தினா. பதில் இல்லை. பிறகு தலைப்பு வழுக்கி விழுந்ததையும் கவனிக்காமல், தோட்டம் முழுவதும் கேட்கும்படி, “இஞ்சாருங்கோ!” என்று கத்தினா. அத்தோடு சிரிப்பு நின்றுவிட்டது.

எல்லாரும் ஓடி வந்து எட்டிப் பார்த்தோம். அவர் பரணில் மெசினுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் நித்திரையாகிப் போன மனிதரைப் போலத் தலை நெஞ்சில் தொங்கியது. அவர் தோளுக்கு ஒரு முழத்துக்குள் எங்கள் லாம்பு தொங்கிக்கொண்டிருந்தது. அது அப்போதும் ஆடாமல் அசையாமல் எரிந்தது. இத்தனை வருடமாகியும் என் கண்ணை விட்டுப் போகாத காட்சி அதுதான்.

என்னைக் கிண்டிய அதே இளைஞர் ஏணியில் காலை வைத்துவிட்டார். மாஸ்டர் பாய்ந்து அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்து நிலத்தில் விழுத்தினார். “ஒருத்தனும் இறங்கக் கூடாது! ஒண்டுக்கு மேலை ஒண்டாக் கிணத்துக்கை கிடக்கப் போறியளோ?”

அந்த வார்த்தை அந்தப் பெண்ணின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, “அப்ப அவரை விடப்போறியளோ ஐயா?” என்றா.

“விடமாட்டன் பிள்ளை. கயிறு எங்கை?”

நான் குசினிக்கு ஓடினேன். மூலையில் கிடந்த கயிற்றை எடுத்துக்கொண்டு திரும்பும்போது, மருந்தடிக்கும் பகுதியிலிருந்து வந்த ஒருவர் சேட்டைக் கழற்றிவிட்டு நின்றார். முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் அவர். வகுப்பில் அதிகம் பேசமாட்டார். “மூச்சடக்கிறதெண்டால் நான் போறன் ஐயா. கல்லிலை சிக்கின வலையை முக்குளிச்சு எடுத்துப் பழக்கம்” என்றார்.

மாஸ்டர் கயிற்றை அவருடைய கக்கத்துக்குக் கீழே கட்டினார். “உள்ளை ஒரு மூச்சும் எடுக்காதை தம்பி. கடலுக்கை போறன் எண்டு நினைச்சுக்கொள்.”

முதல் மூச்சில் அவர் ஏணியால் சறுக்கிப் போய் மெசினை நிறுத்தினார். கையை ஆட்டியதும் மேலே இழுத்தோம். மெசின் நின்ற பிறகு வந்த அமைதி, அது ஓடியபோது இருந்த சத்தத்தை விடப் பயமாக இருந்தது. அவர் கிணற்றுக்கட்டில் தொங்கியபடி காற்றை அள்ளி அள்ளிக் குடித்தார். பிறகு, கிணற்றுத் துலாவில் வாளி கட்டியிருந்த கயிற்றின் நுனியைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினார். இந்த முறை வீட்டுக்காரரின் நெஞ்சைச் சுற்றி அதைக் கட்டினார். நாங்கள் இழுத்தோம். நானும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது கூட மறுநாள்தான் தெரிந்தது.

நிலத்தில் கிடத்திப் பார்த்தால் முகத்தில் சாவின் வெளிறல் இல்லை. உதடுகள் வழமையை விடச் சிவப்பாக இருந்தன. குளித்துவிட்டுப் படுத்தவர் போல இருந்தார், மூச்சு மட்டும் இல்லை. மாஸ்டர் அவரைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் அமத்துவதும் கைகளைத் தூக்குவதுமாக, எங்களுக்கு வகுப்பில் காட்டித் தந்த அதே முறையில் மூச்சூட்டத் தொடங்கினார். நாங்கள் அந்தப் பாடத்தின்போது ஒருவர் முதுகில் ஒருவர் அமத்திச் சிரித்திருந்தோம். இப்போது மாஸ்டரின் கைகளைத் தவிர அந்தக் குடும்பத்துக்கு வேறு கதியில்லை.

நான் மணிக்கட்டைப் பிடித்து நாடியைத் தேடினேன். நூல் போல ஓடியது. “நாடி இருக்கு, நாடி இருக்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவா தலைமாட்டில் உட்கார்ந்து, மாஸ்டர் ஒவ்வொரு முறை அமத்தும்போதும், “இஞ்சாருங்கோ” என்றா. முன்போலக் கத்தவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே கூப்பிடும் குரலில், அன்றாடம் கூப்பிடுவது போலவே கூப்பிட்டா. மாஸ்டரின் வேர்வை மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. முதலில் ஓர் இருமல் வந்தது. பிறகு சத்தி எடுத்தார். பிறகு முனகல். அவா மறுபடி கூப்பிட்டா. கண்ணைத் திறக்காமலே அவர், பல் கட்டியவர் பேசுவது போலக் குழறலாக, “ஓம்” என்றார்.

அந்தப் பெண் அதுவரை அழவில்லை. அந்த ‘ஓம்’ கேட்ட பிறகுதான் அழுதா. மாஸ்டர் எழுந்து போய்ப் பூவரசுக்குப் பின்னால் திரும்பி நின்றுகொண்டார். வீட்டுக்காரர் கொஞ்சம் தெளிந்ததும் முதலில் கேட்டது, “மெசினை ஆர் நிப்பாட்டினது? கண்டுக்குத் தண்ணி பாயேல்லையே!” என்பதுதான். முல்லைத்தீவுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு நாங்கள் எல்லாரும் சிரித்தோம், அழுதோம், எது எது என்று தெரியாமல். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் வண்டிலில் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தோம்.

மறுநாள் வகுப்புக்கு மாஸ்டர் லாம்போடுதான் வந்தார். மேசையில் அதை வைத்தார். மெசின் புகையில் மணமும் நிறமும் இல்லாத ஒரு நஞ்சு கலந்திருக்கிறது, அதை மூடிய கராஜுகளில் மோட்டார்க் கார்களோடு சேர்த்துத்தான் தான் படித்தது, கிணற்றுக்குள் ஒருவர் மெசினை இறக்குவார் என்று எந்தப் புத்தகமும் எழுதவில்லை, தனக்கும் தோன்றவில்லை என்றார். லாம்பு எரியக் காற்று இருந்தால் போதும், அந்தக் காற்றில் நஞ்சு கலந்திருந்தாலும் அது எரியும் என்று விளக்கினார். பிறகு சொன்ன வார்த்தை எனக்கு இன்றும் மனப்பாடம். “லாம்பு பொய் சொல்லேல்லை, பிள்ளையள். நான்தான் அதிட்டை அரைவாசிக் கேள்வி கேட்டிருக்கிறன். மிச்சக் கேள்வியை இந்தப் பிள்ளை குசினிக்கை கேட்டிருக்கு.” என்னைப் பார்த்தார்.

அடுத்த கிழமை அதே தோட்டத்துக்குப் போனோம். மெசினை மேலே ஏற்றும்படி மாஸ்டர் கேட்டார். “ஏத்தினால் மிளகாய் சாகும் ஐயா. இறக்கினால் நான் சாவன். எதைச் செய்ய?” என்று அந்த மனிதர் கேட்டது பகிடி அல்ல. கிணற்றுக்குப் பக்கத்தில் மண்ணைச் சரிவாக வெட்டி, மெசினை வெளிக்காற்றுப் படும்படி தாழ்த்தி வைக்கலாம் என்று கடைசியில் முடிவாயிற்று. எங்கள் வகுப்பு இளைஞர்களும் அயலவர்களும் மண்வெட்டி பிடித்தார்கள். கொலரில் பிடித்து இழுத்து விழுத்தப்பட்டவர்தான் எல்லாரையும் விட அதிகம் வெட்டினார். மிளகாயில் பாதி வாடிப் போனது. பாதி தப்பியது.

கதை அத்தோடு முடியவில்லை. பயிற்சி முடிந்து அந்தப் பக்கமே எனக்கு வேலை கிடைத்தது. மார்கழி மழையில் கிணறுகள் நிரம்பி நின்ற ஒருநாள், அந்த வீட்டிலிருந்தே எனக்கு ஆள் வந்தது. பிள்ளைப்பேறு இலேசாக இருக்கவில்லை. நான் அறைக்குள் வேலையில் நிற்க, அவர் வெளியே மழைத்தூவானத்தில் நனைந்தபடி நடந்துகொண்டிருந்தார். கதவுக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம், “இஞ்சாரும்” என்பார். அவா வலியோடு வலியாக, “ஓம்” என்பா. வேறு வீடாக இருந்தால் நான் வெளியே வந்து ஆளைத் துரத்தியிருப்பேன். அன்று துரத்தவில்லை. ஒருமுறை அவவுக்குக் குரல் வராதபோது, “ஓம், ஓம், இருக்கிறா” என்று நானே பதில் சொன்னேன். விடியும் முன்பே அந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை அழுதது. வெளியே நின்றவரும் அழுதார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளுக்குப் போய்விட்டேன். தாயையும் பிள்ளையையும் பார்த்து முடிந்ததும், “மனிசன் என்ன வேலை? வேலையாலை வந்தால் என்ன சொல்லுறவர்? தலையிடியோ, இருமலோ, கை விறைப்போ?” என்று கேட்காமல் நான் எழுந்ததில்லை. உப்பளத்தில் நிற்பவர், அரிசி ஆலையில் தூசு குடிப்பவர், வயலுக்கு நஞ்சடிப்பவர் என்று எல்லாருடைய கதையும் எனக்குக் குசினிக்குள்தான் கிடைத்தது. வேலைக்கு இறங்கிய மனிதரை மேலேயிருந்து யாராவது ஒருவர் வெட்கப்படாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ‘ஓம்’ என்ற பதில் வரும் வரை கூப்பிட வேண்டும்; என் உத்தியோக காலம் முழுவதும் நான் செய்த வேலை அவ்வளவுதான் என்று இப்போது தோன்றுகிறது.